பெருவிழுங்கிக்கு ஒரு சைகை

1

இந்தக் கதை, சரியாகச் சாத்தாத ஒரு கதவிலிருந்து கிடைத்தது. மூட்டு வைத்தியரிடம் என் முழங்காலைக் காட்டப் போயிருந்தேன். (முழங்காலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. வீட்டிலேயே விட்டுவிட்டு வர வழியில்லாததால் கூட வந்தது.) உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். செய்தி வாசிப்பதுபோல நிதானமான குரல்.

"என் மனைவி காலையில எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறா டாக்டர்."

வைத்தியர் என்னவோ சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அதே பெண் குரல்:

"என்கிட்ட ஏன் சொல்லல அவ?"

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முதலில் ஒருவர் பேசுவார், இன்னொருவர் பதில் சொல்வார். முகம், சட்டை, வீட்டு வாசல் எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேரும். சேராமலும் போவதுண்டு. ஒரு பெண் எதற்கு "என் மனைவி" என்கிறாள் என்று நான் என் பாட்டுக்குக் கதை கட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்து ஒரு கணவனும் மனைவியும் வெளியே வந்தார்கள். அவர் கைகளால் ஏதோ கேட்டார். அவள் வீங்கிய விரல்களால் மெல்லப் பதில் சொன்னாள். அப்போதுதான் புரிந்தது. குரல் அவளுடையது, வாக்கியம் அவருடையது.

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதி நானாகச் சேர்த்தது.

2

முதல் தொடக்கம், உடம்பைக் காவல் காக்கும் செல் ஒன்று சொந்த மூட்டையே அந்நியன் என்று மடக்கி விசாரிப்பதாக, இப்படி இருந்தது:

"யாருப்பா நீ? இந்தப் பக்கம் பார்த்ததே இல்லையே?"

"நான் இங்கேயேதாங்க இருக்கேன். பொறந்ததுலேர்ந்து."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. யாராவது உனக்காகப் பேசுவாங்களா?"

"நான் மூட்டுங்க. எனக்காக யாருங்க பேசுவா..."

"டேய், வாங்கடா எல்லாரும்! இங்க ஒருத்தன்—"

இதை இங்கேயே விட்டுவிட்டேன். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் முழங்காலைக் காட்டும்போது வைத்தியரிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தேன்: "அந்த செல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு என்ன பேசிக்கும்?"

"பேசாதும்மா. ஒண்ணு ஏதோ ரசாயனத்தைக் கசியவிடும். இன்னொண்ணு மேல அது பட்டா, புரிஞ்சுக்கும். அவ்வளவுதான்."

"கேள்வி கேக்காதா?"

"கேட்டா நான் எதுக்கு?"

சத்தம் இல்லாமல், தொட்டுத் தொட்டுப் பேசிக்கொள்ளும் ஓர் இடம். அங்கே என் காதுக்கு வேலை இல்லை. வீட்டுக்கு வந்து அந்தக் கணவனையும் மனைவியையும் நினைத்துக்கொண்டேன். அங்கேயும் வேலை இல்லைதான். ஆனால் அவர்களுக்காவது சமையலறை உண்டு.

3

அவள் நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத சாட்சிகள் கையால் சொல்வதை வாயால் சொல்வாள். நீதிபதி வாயால் கேட்பதைக் கையால் கேட்பாள். அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் பேசினாலும் அவர்களாகவே பேச வேண்டும். திருடன் "நான் எடுக்கல" என்றால் இவளும் "நான் எடுக்கல" என்பாள். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, முகம் கோணக் கூடாது.

அவர் சோபா தைக்கிறவர். சிறு வயதிலேயே காது போய்விட்டது. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் விளக்கை அணைத்துப் போடுவார். ஒரு தடவை அணைத்தால் "இங்க பாரேன்". படபடவென்று அணைத்தால் "பால் பொங்குது". அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் அந்த சுவிட்சுதான்.

கொஞ்ச காலமாக, காலையில் எழுந்தால் அவள் விரல்கள் வேறு யாருடையவோபோல இருந்தன. மடங்காது, நீட்டினால் நீளாது. வெந்நீரில் வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் இளகும். அதனால் பாத்திரம் கழுவும் தொட்டியில் வெந்நீரை நிரப்பி, சோப்பு நுரையைப் பொங்கவிட்டு, கழுவிய தட்டையே கழுவிக்கொண்டு நிற்பாள். பின்னால் விளக்கு ஒரு தடவை அணைந்து எரியும். திரும்ப மாட்டாள். திரும்பினால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல விரல் வேண்டும்.

வாயால் பேசுகிறவர்கள் வீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டே "என்ன?" என்று கேட்கலாம். இந்த வீட்டில் முதுகைக் காட்டினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஏன் சொல்லவில்லை? அவர் கோபப்படுவார் என்றா? இல்லை. வலிக்கிறது என்று தெரிந்தால் அவர் எதுவுமே கேட்க மாட்டார். தலையை ஆட்டினால் போதும் என்ற அளவுக்குக் கேள்விகளைச் சுருக்கிவிடுவார். அப்படிச் சுருங்கிய வீட்டை அவள் ஒரு தடவை கற்பனை செய்து பார்த்து—

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளும் முடிக்கவில்லை.)

அவர் இதையெல்லாம் அறியாமல் வேறொரு கணக்குப் போட்டிருந்தார். நீதிமன்றத்தில் வேலை. வக்கீல்களோடு பழக்கம். வியாழக்கிழமை மதியங்களில் எங்கோ போகிறாள். காலையில் முதுகு.

"எந்த வக்கீல்?"

"என்ன வக்கீல்?"

"வியாழக்கிழமை பாக்கப் போறியே, அந்த வக்கீல்."

"டாக்டரைப் பாக்கப் போறேன்."

"எதுக்கு?"

"அது பொம்பளைங்க விஷயம்."

"நானும் வரேன்."

"பொம்பளைங்க விஷயம்னு சொல்றேன்ல!"

"எனக்கு அது பொண்டாட்டி விஷயம்."*

* இதெல்லாம் கையால் பேசியது. கையால் பேசினாலும் பேச்சு பேச்சுதான் என்பதால் மேற்கோள் குறி போட்டிருக்கிறேன். இன்னொன்று: எதிரே விரலை நீட்டினால் அது "நீ"யா "நீங்க"ளா என்பதை விரல் சொல்லாது. என் காலத்துப் பழக்கத்தில் அவளை "நீங்க" போட வைக்கலாமா என்று யோசித்து, கடைசியில் அவளுடைய வாக்கியங்களில் இரண்டுமே வராதபடி எழுதிவிட்டேன்.

4

முதலில் எழுதிய கணவர் இவரைவிட நல்லவர். என் தங்கை படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"காது கேக்காதவர்னா சாதுவாத்தான் இருக்கணுமாக்கா? இந்த மனுஷன் என்ன, பூசி மெழுகின சுவர் மாதிரி இருக்காரு?"

"பாவம்டி, அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாதவனுக்குத்தான் கோவம் ஜாஸ்தி வரும். நம்ம அத்தானைப் பாக்கலையா?"

அவள் "நம்ம அத்தான்" என்றது என் கணவரைத்தான். ஆகவே திருத்தியிருக்கிறேன். இவருக்குக் கோபம் வந்தால் வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். இருட்டில் யாரும் அவரிடம் பேச முடியாது. கதவை அறைந்து சாத்துவதற்குப் பதில் அது. புதன்கிழமை மாலை முழுக்க அந்த வீடு அப்படித்தான் இருந்தது. அவள் தட்டுத் தடுமாறிப் போய் அவர் காலை மிதித்தாள். வேண்டுமென்றே மிதித்தாளா என்று நான் கேட்கவில்லை.

5

மறுநாள் அவரும் கூடவே வந்து உட்கார்ந்ததும் வைத்தியர் தயங்கினார். "நீங்களே மொழிபெயர்க்கறதா? வேற யாரையாவது..."

"இந்தக் கட்டடத்துல வேற யாருக்கும் தெரியாது டாக்டர். சொல்லுங்க."

வழியெல்லாம் அவள் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள். சத்துக் குறைவு, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும். வைத்தியர் அவளைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னார்:

"உங்க மனைவிக்கு முடக்குவாதம்."

அவள் கை தானாக எழுந்தது. "உங்க மனைவிக்கு முடக்குவாதம்" என்று சொன்னது. மனைவியாக மட்டும் இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பாள். இத்தனை வருஷம் பிறர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிப் பழகிய கை. எதிரே யாராவது வாயைத் திறந்தால் அது அவளிடம் அனுமதி கேட்பதில்லை.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மொழிபெயர்ப்பாளர்தான் இருந்தாள்.

"நீ சொல்றியா, அவர் சொல்றாரா?"

"நீ சொல்றியா, அவர் சொல்றாரா?" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

"நான்தாங்க சொல்றேன்" என்றார் வைத்தியர், கொஞ்சம் மிரண்டு. "உடம்புல மேக்ரோபேஜ்னு ஒரு செல் இருக்கு. பெருவிழுங்கி. கிருமி, செத்த செல், குப்பை, எல்லாத்தையும் விழுங்கிச் சுத்தம் பண்றது அதோட வேலை."

பெருவிழுங்கிக்குச் சைகை கிடையாது. அவள் அங்கேயே ஒன்று செய்தாள். வலது கையை வாய்போலத் திறந்தாள், கவ்வி மூடப் போனாள். வீங்கிய விரல்கள் பாதியில் நின்றுவிட்டன.

"அது வாயை மூடாதா?" என்று கேட்டார் அவர்.

அவள் அதையும் சொன்னாள். வைத்தியர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"மூடாது! அதேதான் வியாதி. வேலை முடிஞ்சா அடங்கணும். அடங்கலை. விழுங்கினதுல ஒரு துண்டை எடுத்து டி-செல்னு இன்னொரு கூட்டத்துக்கு நீட்டுது. அது சொந்த உடம்போட துண்டுதான். டி-செல் அதை எதிரின்னு நினைச்சுக்குது. அது உசுப்பிவிட, இது இன்னும் கத்த, அதைக் கேட்டுப் பத்து பேர் வந்து கத்த..."

"கத்தறதா? எங்க வீட்டுல அந்தப் பிரச்சனை இல்ல டாக்டர்."

வைத்தியர் சிரித்தார். கணவரும் சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் சிரிக்கக் கூடாது.

"மூட்டுக்குள்ள மெல்லிசா ஒரு உறை உண்டு. இதுங்க வந்து அடைய அடைய அது தடிச்சுப் போகும்."

"உறைக்குள்ள பஞ்சைத் திணிச்சுக்கிட்டே போனா தையல் விட்டுடும்."

"தையலோட நிக்காது. அப்படியே விட்டா உள்ள இருக்கற சட்டத்தையும் அரிக்கும். எலும்பை. அரிச்சது திரும்ப வளராது. காலையிலதான் விரல் ரொம்ப இறுகும். நீங்க கவனிச்சிருப்பீங்களே?"

"என் மனைவி காலையில எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறா டாக்டர்" என்றது அவள் குரல்.

"தண்ணித் தொட்டி பக்கமா? வெந்நீர்ல கை வச்சிருப்பாங்க. அதுல கொஞ்சம் இளகும்."

அவள் அதைச் சொல்லி முடித்தாள். அவர் கைகள் மடியில் கிடந்தன. பிறகு எழுந்தன.

"என்கிட்ட ஏன் சொல்லல அவ?"

"அது அவங்களைத்தான் கேக்கணும்" என்றார் வைத்தியர்.

"அது அவங்களைத்தான் கேக்கணும்" என்றது அவள் கை.

அவங்க அந்த அறையில் இல்லை.

6

நான் வெளியே உட்கார்ந்து கேட்டது அத்தோடு நின்றது. ஆனால் வைத்தியரை அங்கேயே விட்டுவிட்டு வர முடியாது, ஊசியைப் பற்றி அவர் இன்னும் சொல்லவில்லை.

அந்த ஊசி பெருவிழுங்கிகளின் கூச்சலை அமுக்கும். மூட்டு அடங்கும். ஆனால் பரிசோதனையில் இன்னொன்று தெரிந்திருந்தது. அவள் நுரையீரலில் காசநோய்க் கிருமி கொஞ்சம், எந்தத் தொந்தரவும் தராமல், தூங்கிக்கொண்டிருக்கிறது.

"பயப்படாதீங்க, நிறையப் பேருக்கு அப்படி உண்டு. அதைச் சுத்தி வளைச்சு உக்காந்து காவல் காக்கறது யாருங்கறீங்க? இதே பெருவிழுங்கிதான். ஊசி போட்டா காவலும் தளர்ந்துடும். அதனால முதல்ல காசநோய் மாத்திரை. ஒரு மாசமாவது ஆகணும். அப்புறம்தான் ஊசி."

(மூட்டை அரிப்பவரும் நுரையீரலைக் காப்பவரும் ஒரே குடும்பம். இதை வைத்து மனித இயல்பைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். தங்கை அடித்துவிட்டாள்.)

"அந்த ஒரு மாசத்துல அவ விரல் போயிட்டா நான் யார்கூடப் பேசறது?"

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் செய்தி வாசிப்பதுபோல இல்லை.

"இப்ப குடுக்கற மாத்திரை அதுவரைக்கும் தாக்குப் பிடிக்கும்னு நம்பறேன்."

"நம்பறேன்" என்பதை அவள் "நிச்சயம்" என்று மாற்றியிருக்கலாம். ஒரு சின்ன அசைவுதான் வித்தியாசம். அவளுடைய விரல்கள் இருந்த நிலையில், தவறி வந்ததாகக்கூடச் சொல்லிக்கொள்ளலாம்.

"நம்பறேன்" என்றே சொன்னாள்.

7

முடிவு. கைவசம் மூன்று இருக்கிறது.

ஒன்று: மாத்திரை, ஊசி, விரல்கள் இளகி அவள் பழையபடி படபடவென்று பேசுகிறாள். இப்படி நிஜமாகவே நடப்பதுண்டு. ஆனால் எழுதிப் பார்த்தபோது மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த காகிதம்போல இருந்தது.

இரண்டு: ஊசிக்கு நாள் குறித்திருக்க, விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அந்த வீட்டில்—

வேண்டாம். எழுத ஆரம்பித்ததுமே எனக்கு முழங்கால் வலித்தது.

மூன்றாவது, மறுநாள் காலை. தொட்டியில் வெந்நீர், நுரை. அவள் நிற்கிறாள். விளக்கு ஒரு தடவை அணைந்து எரிந்தது. இங்க பாரேன்.

அவள் திரும்பினாள். நுரை சொட்டும் கைகளைத் தூக்கிக் காட்டினாள். அவளால் அவ்வளவுதான் முடிந்தது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் எதற்குப் பயந்தாளோ அது இப்போது நடக்கும் என்று நினைத்தாள். தலையை ஆட்டினால் போதும் என்பதுபோல ஏதாவது கேட்பார், அல்லது ஒன்றுமே கேட்காமல் போய்விடுவார்.

அவர் வலது கையை வாய்போலத் திறந்து, மூடாமல், தொட்டியைக் காட்டினார். பெருவிழுங்கி. இன்னும் அடங்கலையா?

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு கைகளையும் நுரைக்குள் விட்டார். தண்ணீருக்கு அடியில் அவள் உள்ளங்கையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் விரலை வைத்து ஏதோ சொன்னார். சின்னக் கேள்வி இல்லை. வெகு நேரம் சொன்னார். அவள் ஒருமுறை சிரித்தாள். ஒருமுறை அவரை இடுப்பால் இடித்தாள். பிறகு நுரை அசைந்தது. இம்முறை அசைத்தது அவள்.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. காதை வைத்துக்கொண்டே இத்தனை கதை எழுதியவள் நான். அங்கே கேட்க ஒன்றும் இல்லை. பார்க்கலாம் என்றால் நுரை மறைக்கிறது.

உங்களுக்குத்தான் அது தெரியும் என்று நினைக்கிறேன். அவருக்கு அவள் என்ன பதில் சொன்னாள்? யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள். தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது.