மூன்றாம் கட்டத்துப் பச்சை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வேறு வேலையாகக் கடலாய்வு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கரையோரம் எங்கெல்லாம் கடற்புல் வளர்கிறது என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் வரைபடம் சுவரில் தொங்கியது. புல் இருக்கிற கட்டமெல்லாம் பச்சை. பொழுது போகாமல் மூன்றாம் கட்டத்தைத் தொட்டு, “இங்க இன்னும் புல் இருக்கா?” என்றேன். வரைபடம் போடுகிற பெண் நிமிராமலே சொன்னாள்: “என் தம்பி பார்த்தப்ப இருந்துச்சு.”

தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே மீதியெல்லாம் நானாகக் கட்டியது.

2

கடல் அன்று அமைதியாக—

(வேண்டாம். கடலை அமைதியாக்கிவிட்டு ஆளைச் சாகடிப்பது பழைய தந்திரம்.)

முக்குளித்துப் பார்த்துச் சீட்டு எழுதுவது தம்பியின் வேலை. மூன்றாம் கட்டத்துக்கு ‘புல் உண்டு’ என்று எழுதிக் கொடுத்த மறுவாரம், வேறோர் இடத்தில் இறங்கியவன் ஏறவில்லை. அக்காவிடம் மிஞ்சியது அந்தச் சீட்டுதான்.

3

இப்போது புதிதாக வேலைக்கு வந்தவன் ‘வெறும் மணல்’ என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறான். மாலைக்குள் அவள் கட்டத்தை வெள்ளையாக்க வேண்டும். வெள்ளையானால் கப்பல்பாதைக்காக அங்கே தோண்டிவிடுவார்கள்.

(முதல் வரைவில் பச்சையை அப்படியே விட்டுவிட்டாள். படித்தால் அவளாகவே இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு கட்டத்தைக்கூடத் தப்பாகப் போடாதவள், என் வசதிக்காகப் பொய் சொல்வாளா?)*

* சிலவகைக் கடற்புல் சில மாதம் இலையெல்லாம் உதிர்த்துவிடும். மேலே மணல்தான் தெரியும், வேர் உள்ளே உயிரோடிருக்கும். தம்பி மணலுக்குள் கையை விட்டுத் துழாவாமல் சீட்டு எழுத மாட்டான். கூட வேலை செய்தவர்கள் அவனுக்கு ‘மண்ணுளி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

4

சின்னவர்கள் எல்லாரையும் தம்பி என்று கூப்பிடுகிறவள், வந்த நாளிலிருந்து இந்தப் புதியவனை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தவன் அல்லவா. இன்று கூப்பிட்டாள்.

“தம்பி, மணலுக்குள்ள கையை விட்டுப் பார்த்தியா?”

‘விட்டேன், வேர் இல்லை’ என்று அவன் சொன்னால் அவள் வெள்ளையாக்கித்தான் தீரவேண்டும். ‘மறந்துவிட்டேன்’ என்றால் இன்னொரு முறை இறங்கச் சொல்லலாம். இரண்டையும் எழுதினேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

என்னால் ஆகவில்லை, அவன் பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் வாய் திறக்குமுன் அவளை ஒரு தரம் பாருங்கள். இந்த முறை நிமிர்ந்து பார்க்கிறாள்.