மாஸ்டர் பேரில் பதினோரு ஜோடி

ராஜநாயகம் மாஸ்டரைச் சவப்பெட்டியில் வைத்திருந்தபோது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பெட்டிமேல் கை வைத்து, "மாஸ்டர், உங்க முப்பதாம் நாள் அன்னிக்கு சிந்தாதிரிப்பேட்டக்காரனுங்கள ஜெயிச்சுக் காட்டறேன்" என்று மாதா கோயில் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன். சாந்தோம் பையன்களுக்கு ஒன்பது வருஷம் கால்பந்து கற்றுக்கொடுத்த மனிதர் அவர். அந்த ஒன்பது வருஷமும் சிந்தாதிரிப்பேட்டையிடம் தோற்ற மனிதரும் அவர்தான். அவருக்குப் பின் பையன்களைக் கட்டி மேய்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெயர் வால்டர். கோபம் கொஞ்சம் ஜாஸ்தி.

மாஸ்டர் பேரில் ஏதாவது செய்தே தீரவேண்டும் என்று ஊரில் எல்லாருக்கும் துடிப்பு. கல்லறைக்குச் சலவைக்கல் போடலாம் என்றார்கள். "கல்லு எதுக்கு? பசங்க வெறுங்காலோட ஆடறானுங்க, ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் குடுங்க" என்று சொன்னது யார்? நான்தான், வேறு யார்! பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்த வலியுல்லா சாயபு, மாஸ்டரின் பழைய சிநேகிதர், தோல் மொத்தமும் கொடுத்தார். அவருடைய தொழிலாளிகள் கூலி வேண்டாமென்று தைத்துத் தந்தார்கள். கிளாடிஸ் டீச்சர், யுத்தத்தில் சிப்பாய்களுக்குப் பின்னியதுபோக மிச்சமிருந்த காக்கிக் கம்பளி நூலில், பதினோரு ஜோடி காலுறை பின்னிவிட்டார். ஏப்ரல் மாத மெட்ராஸில் கம்பளிக் காலுறை! அந்த அம்மாளிடம் வேண்டாம் என்று யார் சொல்வது?

பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிப்பதற்கு முன் ஒரு பயலும் பூட்ஸைத் தொடக்கூடாது என்று நான் உத்தரவு போட்டிருந்தேன். முப்பதாம் நாள் பூசையில், மாஸ்டர்மேல் இருந்த பிரியத்தில், சாமியார் தீர்த்தத்தைத் தாராளமாகவே தெளித்தார். வெயிலில் காய்ந்து, சாயந்தரத்துக்குள் தோல் பலகையாகிவிட்டது.

கடலோரத் திடலில் நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. சிட்டாய்ப் பறக்கிற மர்சலின், பந்தை விட்டுவிட்டு மணலை உதைத்தான்.

"டேய், கால தூக்கி ஓடுடா!"

"பூட்ஸு தூக்க வுட மாட்டேங்குது சார்!"

பாதி ஆட்டத்தில் இரண்டு கோல் வாங்கியிருந்தோம். கழற்றச் சொல்லலாமென்றால், கொடுத்தவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். மந்திரித்த பொருளைக் கழற்றி மணலில் எறிவதா? பெட்டிமேல் கை வைத்துச் சொன்ன வார்த்தை என்ன ஆவது?

மாஸ்டரின் மனைவி ஃப்ளோரா அக்கா, கறுப்புச் சேலையில், எழுந்து வந்தார்.

"வால்டரு, முப்பதாம் நாளுக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பறது நம்ம வழக்கமாப்பா?"

"இல்லக்கா."

"அப்ப கழட்டச் சொல்லு."

பதினோரு ஜோடியையும் வாரிக்கொண்டு நேரே எதிர் அணியிடம் போனார். அவர்கள் கேப்டன் பீர் முஹம்மது, இருபது வயசுப் பிள்ளை.

"அவரு பேர்ல குடுக்கறோம் நைனா. இப்பவே போட்டுக்கணும். நான் கண்ணால பாக்கணும்."

பீர் முஹம்மது பூட்ஸைப் பார்த்தான். கால் நொண்டி நிற்கிற எங்கள் பையன்களைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு மணலில் உட்கார்ந்து, "போடுங்கடா" என்றான்.

அடேயப்பா! அதன்பின் அவர்கள் விழுந்து புரண்டதை என்ன சொல்ல! எங்கள் பயல்கள் வெறுங்காலோடு மூன்று கோல் போட்டார்கள். வலியுல்லா சாயபு, தன் பூட்ஸ் எந்தக் காலில் இருக்கிறது என்பதையே மறந்து விசிலடித்தார். ஊரே மர்சலினைத் தூக்கிக்கொண்டு ஆடியது.

பீர் முஹம்மது குதிகாலில் கொப்புளத்தைப் பார்த்தபடி தனியே உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் இரண்டும் கழுத்தில் தொங்கின. எனக்கு மனசு உறுத்தியது.

"தெரியாம மாட்டிக்கினியே நைனா" என்றேன்.

"தெரியாம இன்னா? மொத பாதி முழுக்க உங்காளுங்கள பாத்துக்கினுதான இருந்தேன்" என்று சிரித்தான். "நான் சின்னப் பையனா இருக்கசொல்ல எங்க வூடு சாந்தோம்லதான். எனுக்கு மொத மொத பந்து குடுத்ததே அவருதான். அவரு பேர்ல நீங்க பூட்ஸு குடுத்தீங்க. இந்த ஆட்டத்த வுட்டா எங்ககிட்ட குடுக்கறதுக்கு வேற இன்னா கீது, சொல்லு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அது அவனுக்குத் தெரியக்கூடாதென்று, "லஸ்ல ட்ராம் போயிடும், எழுந்து தொலடா!" என்று எரிந்து விழுந்தேன்.