ஆளை விட முடியாத கடை

பி.ஏ. சரித்திரம் முடித்த இரண்டு வருடத்தில் சண்முகத்தாய் பதினேழு இடங்களுக்கு மனுப் போட்டுவிட்டாள். எல்லா இடத்திலும் முன்அனுபவம் கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று ஒருவரிடம் கேட்டாள். வாய்த்துடுக்கு என்று அனுப்பிவிட்டார்.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சித்தப்பா ஐயாதுரை, கடையின் லெட்டர்பேடில் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அவர் கடையின் சரக்கறையை இரண்டு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம். அந்த அறைக்கு எந்தப் பக்கம் கதவு என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ராஜபாளையத்து நூல் மில்லில் ஸ்டோர் கிளார்க் வேலை. மேனேஜர் சான்றிதழை இரண்டு தரம் படித்தார். பிறகு போனை எடுத்துக் கடை நம்பரைச் சுழற்றினார்.

ஐயாதுரைக்குப் போனில் கத்தித்தான் பேசத் தெரியும். மேஜைக்கு இந்தப் பக்கமும் தெளிவாகக் கேட்டது.

"சண்முகத்தாயா? கண்ணக் கட்டி விட்டாலும் எந்தத் தட்டுல எந்த அண்டான்னு சொல்லுவா சார்!"

"அப்ப திங்கக்கிழமையே இங்க அனுப்பிருங்க."

"அதெப்படி சார்? திடுதிப்புன்னு கேட்டா நான் ஆளுக்கு எங்க போவேன்? மூணு மாசமாவது வேணும். அவ இல்லேன்னா கடைய இழுத்துச் சாத்தணும்!"

போனுக்குள் கையை விட்டுச் சித்தப்பாவின் வாயைப் பொத்த முடியுமா? உண்மையைச் சொல்லிவிடலாமா? நினைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் இல்லாமல் ஓரிடம் ஓடாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பொய்தான். இருந்தாலும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

மேனேஜர் போனை வைத்தார். "இப்படி ஒரு ஆளுக்குக் காத்திருக்கலாம்மா. மூணு மாசம் முடிச்சு ரிலீவிங் ஆர்டரோட வாங்க. நானும் குத்துவிளக்கு வாங்க ஒருநாள் அந்தக் கடைக்கு வாரேன்."

மறுநாள் எட்டு மணி பஸ்ஸில் கடைக்குப் போய் இறங்கினாள்.

"ஏட்டி, எப்படிப் பேசுனேன் பாத்தியா?" சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"நல்லாத்தான் பேசுனிய. சரக்கறை எங்க இருக்கு? அண்டாவெல்லாம் எந்தத் தட்டுல? மேனேஜர் வாரதுக்குள்ள படிக்கணும்."

ஐயாதுரை பல்லை மூடிக்கொண்டார். "நெசமாவே வேல பாக்கப் போறியா? சரி, நல்ல நாளாப் பாத்து வந்து சேரு."

"சேரவா?" சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள் சண்முகத்தாய். "மூணு மாசத்துல வேலைய விடுதேன்னு நேத்தே சொல்லியாச்சு சித்தப்பா. சாவியக் கொடுங்க."