மின்னலுக்கும் இடிக்கும் நடுவே

கணினிக்குள் இருந்த பெட்டி மறுபடியும் சமர்த்தாக எழுந்து உட்கார்ந்தது. ஜெயந்தினிக்கு அதைப் பிடித்து ஓர் அறை விடலாம் போல் இருந்தது.

நிஜப் பெட்டி எழும்பவில்லை. அது பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராச் சுவரில் தொங்குகிறது. சரிவில் மண் நகர்ந்தால் சங்கு ஊத வேண்டியது அதன் வேலை. காலையிலிருந்து அதனிடம் பேச்சுமூச்சில்லை. ஜெயந்தினி வேலைசெய்யும் பதுளைப் பட்டறையிலிருந்து பார்த்தால் கடைவீதியே கண்ணுக்குத் தெரியாத மழை, பாதையையும் மூடிவிட்டார்கள். அந்த லயத்தில்தான் அவளுடைய அம்மா வேலாயி இருக்கிறாள். பிள்ளைக்காம்பராவின் ஆயாவும் அவள்தான், சாவியும் அவளிடம்தான்.

போக முடியாததால், பெட்டியின் போலியை எமுலேட்டரில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்லோடர்தான் முதலில் கண் விழித்து மற்றதையெல்லாம் எழுப்ப வேண்டிய சின்ன நிரல். அதை எழுதியவளும் அவளே. போலியின் கரண்டை நிறுத்தினாள், போட்டாள். போலி ஒவ்வொரு தடவையும் எழுந்தது.

"இதுல பிழையே இல்ல நானா," என்றாள்.

பட்டறைச் சொந்தக்காரர் ஷப்ராஸ் திரையை எட்டிப் பார்த்தார். "அங்க எழும்பல்லியே தங்கச்சி. வேற என்னமோ நடந்திரிக்கி. உம்மாட்டக் கேளுங்களேன்."

அம்மா உடனே போனை எடுத்தாள். "பொட்டியா? நல்லாத்தான்டி இருக்கு. மின்னுனா கழட்டுறேன், இடி முழங்கி முடிஞ்சதும் மாட்டிருறேன். நீதானே நிப்பாட்டி வைக்கக் கூடாதுன்ன?"

"பேட்டரியையுமா?"

"பின்ன? அது வெடிச்சிருச்சின்னா?"

தோட்டத்தில் மின்னினால் டீவியைக் கழற்றாத வீடு கிடையாது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தோன்றவில்லை பாருங்கள். படிப்பு மண்டையில் ஏறும்போது சில சங்கதிகளை வெளியே தள்ளிவிடும் போலிருக்கிறது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருந்துவிடப் போகிறது? ஜெயந்தினி எமுலேட்டரைப் பார்த்தாள். அங்கே கரண்டு போனால் மெமரி அந்த நொடியே துடைத்து வைத்த பலகையாகிவிடும். நிஜச் சிப்பில் அப்படியில்லை. கொஞ்ச நேரம் பழையது ஒட்டிக்கொண்டிருக்கும். மெமரியைத் துடைக்காமல் போலியை நிறுத்தி, மறுபடி போட்டாள்.

இந்தத் தடவை போலியும் எழும்பவில்லை. போன மாதம் புது நிரல் அனுப்பியபோது 'புதியது வருகிறது, காத்திரு' என்று போட்ட குறி அழியாமல் கிடந்தது. வராத நிரலுக்காக பூட்லோடர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. பிழை அகப்பட்டதும் வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை. போனை மறுபடி காதில் வைத்தாள்.

"அம்மா, பெட்டி செத்துக் கெடக்கு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிரு!"

"நான் கூப்புட்டா யாருடி வருவா? கோயிலாண்டையே சொல்லிப் பாத்துட்டேன். சங்கு ஊதலையே, ஊதலன்னா பயமில்லன்னு ஒங்க மகதானே சொன்னாங்கறாங்க."

சொன்னவள் அவள்தான். பெட்டி மாட்டிய அன்று, மாலையெல்லாம் போட்டு நிற்கவைத்தபோது, வாய் நிறையச் சொல்லியிருந்தாள்.

"பொட்டிக்கு உசுரு குடுக்க வழி இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

இருந்தது. கழற்றிவிட்டு, உள்ளே கிடக்கும் சொச்சக் கரண்டும் வடியும்வரை பொறுத்திருந்து மாட்டினால் குறி அழிந்துவிடும். ஆனால் பெட்டி தொங்குவது சரிவுக்கு அடியில். அங்கே அம்மாவைப் போகச் சொல்ல ஜெயந்தினிக்கு நாக்கு எழவில்லை.

"சொல்லுடி. லயம் பூரா புள்ள குட்டிங்க இருக்கு."

சொன்னாள்.

போனில் மழை பெரிதாகக் கேட்டது. பூட்டுத் திறந்தது. "கழட்டிட்டேன்," என்றாள் அம்மா. ஜெயந்தினி கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ இடி முழங்கியது. மாட்டிவிடாதே, மாட்டிவிடாதே என்று ஜெயந்தினி வாய்க்குள் முணுமுணுத்தாள். அம்மா மாட்டவில்லை.

"இப்போ மாட்டும்மா."

சின்னதாக ஒரு கூவல். எழுந்துவிட்டது! ஷப்ராஸ் மேசையைத் தட்டி, "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார்.

அந்த வார்த்தை முடியுமுன்னே சங்கு ஊதத் தொடங்கியது. நிற்கவில்லை.

"ஊதுதுடி!" அம்மா சிரித்தாள். "எம்மவ பொட்டி ஊதுது!"

எழுந்ததைச் சொல்ல அது ஒரே ஒருமுறை கூவும், அப்படித்தான் எழுதியிருந்தாள். விடாமல் ஊதினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மண் நகர்ந்துகொண்டிருக்கிறது.

"ஓடும்மா! ஓடு!"

கீழே லயத்திலிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு ஓடுவது சங்கையும் மீறிப் போனில் கேட்டது. சனம் தப்பிவிட்டது.

"என்னாடி? ஒண்ணுமே கேக்கல," என்றாள் அம்மா. "தன்னையே சோதிச்சுப் பாக்குதோ? எவ்ளோ நல்லா ஊதுது, நீயும் கேளு."

ஜெயந்தினி தொண்டை கிழியக் கத்தினாள். அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து, சங்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.