தட்டோடு வந்த தண்ணீர்

வலியப் போய் யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள்? கிடங்கில் மூட்டை சரிந்து என் வீட்டுக்காரர் கால் முறிந்து படுத்ததிலிருந்து, எங்கள் அடுப்பு ஒருநாள் எரிந்தால் இரண்டு நாள் தூங்கியது. அந்த நேரம் பார்த்து மாடி வீட்டு அக்கா தினமும் சாயங்காலம் சோறு கொண்டுவர ஆரம்பித்தாள். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாகத்தான் எனக்குப் பட்டது.

சோறு வந்த விதமும் சரியில்லை. தூக்குவாளியில் வராது. யாரோ உட்கார்ந்து சாப்பிடப் பரிமாறியதுபோல் தட்டில் சோறு, குழம்பு, நடுவில் ஒரு முழு முட்டை. கூடவே ஒரு டம்ளர் தண்ணீர். ஏன், எங்கள் குழாயில் தண்ணீர் வராதா? ஏதோ ஜெபம் பண்ணிய தண்ணீர் என்று முடிவுகட்டினேன். சோற்றில் முதல் வாயை நான் தின்று பார்த்துவிட்டுத்தான் மகளுக்குக் கொடுப்பேன். தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிடுவேன்.

"இன்னிக்குச் சோறு, நாளைக்கு சர்ச்சு, அப்புறம் நம்ம பேரையே மாத்திடுவாங்க," என்றேன்.

"முட்டை இருக்கான்னு பாரு முதல்ல," என்றார் கட்டிலில் கிடந்தபடி. அவருக்கு வாயில் மட்டும் முறிவில்லை.

ஒருநாள் தட்டையும் டம்ளரையும் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டேன். கேட்டு வந்துதானே ஆகவேண்டும்? வரும்போது வாயைப் பிடுங்கினால் பூனைக்குட்டி வெளியே வந்துவிடும்.

மறுநாள் சாயங்காலம் யாரும் வரவில்லை. இருட்டவும் ஆரம்பித்தது.

"மாடிப் பெரியம்மா இன்னும் வரலியாம்மா?" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்த மகள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் வீம்புக்குக் குழந்தை பட்டினி. இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று தட்டோடும் டம்ளரோடும் மாடியேறினேன்.

கதவு திறந்திருந்தது. அக்கா, பஸ் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர், இரண்டு பையன்கள் என்று நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான்கு தட்டிலும் சோறு ஆறிக் கிடந்தது. யாரும் கை வைக்கவில்லை. ஐந்தாவது நாற்காலியில் ஆள் இல்லை, அதற்கு முன்னால் தட்டும் இல்லை.

"தட்டு வந்துடுச்சு!" என்றான் சின்னவன்.

"எங்ககிட்ட என்னதான்க்கா வேணும் உங்களுக்கு?" என்று வெடித்தேன்.

"தட்டுதான்மா வேணும். வீட்ல இருக்கறதே அஞ்சு," என்றாள் அக்கா. "கேட்டு வந்தா நீ சங்கடப்படுவியேன்னு காத்திருந்தோம்."

"வேற எதுலயாவது போட்டுச் சாப்பிட்டிருக்கலாமே?"

"விருந்தாளிக்குச் சட்டியிலயா போடறது?" என்றார் மெக்கானிக்.

"எந்த விருந்தாளி?"

அக்கா காலி நாற்காலியைப் பார்த்தாள். "ஆண்டவருக்கு ஒரு தட்டு வைப்போம். முன்னெல்லாம் ஜெபம் முடிஞ்சதும் நாங்களே பங்கு போட்டுக்குவோம். ஒருநாள் உன் பொண்ணு பசியில அழுதது மேல கேட்டுது. கீழ ஒரு புள்ள அழுதுட்டு இருக்கறப்ப, அவர் எங்க வீட்ல உக்காந்து சாப்பிடுவாரா, நீயே சொல்லு?"

தட்டையும் டம்ளரையும் அக்காவிடம் நீட்டினேன். அவள் தட்டைத் துடைத்து, சோறு போட்டு, சட்டியிலிருந்த ஒரே முட்டையை எடுத்து நடுவில் வைத்தாள். மற்ற நான்கு தட்டிலும் முட்டை இல்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். "வாங்க ஆண்டவரே, எங்ககூட சாப்பிடுங்க," என்றார் மெக்கானிக். பிறகு இரண்டையும் அக்கா என் கையில் கொடுத்தாள்.

வெட்கத்தில் முகம் எரிய, படி பார்த்து இறங்கினேன். மகளை எழுப்பி ஊட்டினேன். இந்த முறை நான் ருசி பார்க்கவில்லை.

தண்ணீரைக் கொட்டவும் இல்லை. அதை நான் குடித்தேன்.