வாசலில் சொன்ன பதில்

மலையாளம் பேசுகிற மஞ்சேரியில், கச்சேரிப்படி முக்கில், பேக்கரிக்கு மேலே இருக்கிறது எங்கள் அலுவலகம். நாற்பது ஐம்பது நிறுவனங்களின் மெயில் எங்கள் சர்வர் வழியாகத்தான் போகும், வரும். மரக்கடை, ஆஸ்பத்திரி, இரண்டு நகைக்கடை, ஒரு கால்பந்து கிளப். செல்போனில் மெயில் பார்க்கிற பழக்கம் அப்போது இங்கே வந்திருக்கவில்லை. அந்தச் சர்வரின் வாசற்படியில் உட்கார்ந்திருப்பவள் நான்தான். சௌமினி என்று பெயர். "சௌமினியா? வாய் கொடுக்காதே, வாங்கிக் கட்டிக்கொள்வாய்" என்று கீழே பேக்கரியில் சொல்வார்கள். சொல்லட்டும்.

என் வேலை ரொம்பச் சுலபம். வெளியிலிருந்து ஒரு சர்வர் வந்து கதவைத் தட்டும். அதற்கு ஒரு எண் உண்டு, வீட்டு விலாசம் மாதிரி. குப்பை மெயில் அனுப்புகிற எண்களையெல்லாம் பட்டியல் போட்டு வைத்திருக்கிற புண்ணியவான்கள் உலகத்தில் சில பேர் இருக்கிறார்கள். வந்தவனின் எண்ணைத் தலைகீழாகத் திருப்பி, இணையத்தின் விலாசப் புத்தகமான டிஎன்எஸ் வழியாக அவர்களிடம் கேட்போம்: இவன் உங்கள் பட்டியலில் இருக்கிறானா? பதில் வந்தால் கெட்டவன். பதிலே வராவிட்டால் நல்லவன், உள்ளே வா. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். கடிதத்தைப் பிரிப்பதுகூட இல்லை. யார் யாருக்கு எழுதுகிறார் என்பது மட்டும் தெரியும், அவ்வளவுதான்.

பட்டியலில் இருப்பவனைத் திருப்பி அனுப்பும்போது ஒரு வரி சொல்லி அனுப்பவேண்டும். எல்லா இடத்திலும் அது வாயில் நுழையாத வரியாக இருக்கும். நான் அதை அழித்துவிட்டு, எளிய ஆங்கிலத்தில் நானே ஒன்று எழுதி வைத்தேன். "நீங்கள் வந்த வாசலின் எண் கெட்ட பட்டியலில் இருக்கிறது. உங்கள் மேல் கோபமில்லை. நீங்கள் மனிதர் என்றால் வேறு வாசலிலிருந்து அனுப்பிப் பாருங்கள். சௌமினி, மஞ்சேரி."

இதுதான் என் முதலாளி பவித்ரன் சாருக்குக் கண்ணில் குத்தியது.

"கள்ளனுக்கு வழி சொல்லிக் கொடுக்கிறியா? பேர் வேற போட்டிருக்கே!"

"கள்ளன் இதைப் படிக்கவே மாட்டான் சார். மிஷின் அனுப்புது. மனுசன்தான் படிப்பான்."

"எந்த மனுசன்? ஒருத்தனைக் காட்டு பாப்போம். இந்த வம்பே வேண்டாம். வர்றதை வாங்கிக்கோ, சத்தமில்லாம குப்பையில போடு. அனுப்பினவன் போய்ச் சேர்ந்துச்சுன்னு நினைச்சுக்கட்டும். நமக்கென்ன?"

"நமக்கென்னவா? வாங்கிட்டு ஒண்ணும் சொல்லாமக் குப்பையில போடுறது அயோக்கியத்தனம் சார். பெண் பாக்க வந்துட்டு, பலகாரமெல்லாம் தின்னுட்டு, ஒரு பதிலும் சொல்லாமப் போவானுங்களே, அந்த மாதிரி."

அப்படி மூன்று பேர் என் வீட்டுக்கு வந்துபோனது பவித்ரன் சாருக்குத் தெரியும். ஆனால் மனுசர் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. "திங்கட்கிழமை மத்தியானம் மாத்திடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த எரிச்சலில் அன்று சாயங்காலம் வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரிகூடத் தின்னவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் ஹம்சக்கா மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். அக்கா இல்லை, இக்கா; இங்கே முஸ்லிம் வீட்டு அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். மின்னல் கால்பந்து கிளப்பின் மேனேஜர். அணிக்கு ஏழு பேர் ஆடுகிற எங்கள் பக்கத்து செவன்ஸ் கால்பந்து பற்றி நான் என்னத்தைச் சொல்ல? அறுவடை முடிந்த வயலில் ஜனம் உட்கார மூங்கில் காலரி கட்டினால் ஊரில் ஒரு ஆம்பிளை வீட்டில் இருக்கமாட்டான். ஒவ்வொரு அணியிலும் ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு மூன்று பேர் ஆடுவார்கள். மின்னலுக்கு கோஜோ. கானாவில் குமாசி என்கிற ஊர்க்காரன். போன வருடம் அவன் ஆடியதைப் பார்த்து ஜனம் பைத்தியம் பிடித்து அலைந்தது. கோஜோ என்பது வாயில் நிற்காமல் கோஜக்கா ஆக்கிவிட்டார்கள்.

"மோளே, கோஜோவோட மெயில் வந்துச்சா?" மகளே என்பது அவர் வாயில் மோளே.

"வந்தா உங்க பெட்டியில இருக்கும் இக்கா."

"இல்லையே! பாஸ்போர்ட் புதுசா எடுத்து காப்பி அனுப்புறேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனான். அது வந்தாத்தான் விசாவுக்கு நான் லெட்டர் கொடுக்க முடியும். இந்த வாரம் கொடுக்கலைன்னா சீசனுக்கு வரவே முடியாது. அவன் நம்பர் இருந்த என் போன் சிம்மோட ஃபைனல் அன்னிக்கு வயலுக்குள்ள விழுந்து போச்சு, இப்ப என் நம்பரும் புதுசு. இந்த மெயில் விலாசம் மட்டும்தான் அவன் கையில இருக்கு."

"எழுதாமலே இருந்தா?"

ஹம்சக்கா முகம் சுருங்கிவிட்டது. கேட்டிருக்கக் கூடாது. பக்கத்து ஊர் கிளப் அதிகப் பணம் காட்டி கோஜோவை இழுத்துக்கொண்டதாக ஒரு பேச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"டீக்கடையில உக்கார முடியல மோளே. 'ஹம்சக்கா, உங்க மருமகன் லெட்டர் போட்டானா?'ன்னு கேக்குறானுங்க. நான் அவனை என் வீட்டுல வச்சு சோறு போட்டவன். அவனுக்கு மலேரியா வந்தப்போ என் பீவி ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தா. அவன் வேற கிளப்புக்குப் போகட்டும், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாமில்ல?"

பணமோ கோப்பையோ அல்ல, இதுதான் அவரை அரித்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கோஜோ என்ற பெயரில் யாராவது தட்டினார்களா என்று பதிவில் தேடிப் பார்த்தேன். ஒருவனும் இல்லை.

"உன் வாசல்லதான் எங்கேயோ நிக்கிறான். எல்லாத்தையும் திறந்து விடு!"

"எல்லாத்தையும் திறந்தா ஆஸ்பத்திரிக்காரங்க என்னைக் கொன்னுடுவாங்க. உங்க பெட்டிக்கு மட்டும் தடுப்பை எடுத்து விடுறேன். ஆனா தாங்க மாட்டீங்க."

"நான் பாக்காத கூட்டமா?"

அன்று சாயங்காலமே திறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை நான் வந்து பூட்டைத் திறப்பதற்குள் ஹம்சக்கா படியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு கட்டுத் தாள்.

"மோளே, இந்தப் பொம்பளைக்கு நாம ஏதாச்சும் செய்யணும். புருசன் பெரிய ஜெனரலாம். மௌத்தாயிட்டானாம். பேங்க்குல கிடக்குற பணத்தை எடுக்க ஆளில்லாம..."

"படச்சவனே! பதில் போட்டீங்களா?"

"ஆறுதல் சொல்லி ஒரு வரி..."

"இக்கா!"

"இன்னொருத்தன் எனக்கு லாட்டரி விழுந்துருக்குன்னான். நான் லாட்டரியே வாங்குறதில்லை, ஹராம். அப்பத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. மாத்திரை விக்கிறவன் எத்தனை பேரு! என் வயசுக்கு அதெல்லாம் எதுக்கு? படிச்சுப் படிச்சு தலை கிறுகிறுன்னுது. பெட்டி நிரம்பி வழியுது. மூடிடு தாயே, மூடிடு."

"கோஜோ?"

"இல்லை." தாள் கட்டை மேசையில் போட்டார். "அவன் வரமாட்டான். விடு."

தடுப்பைத் திரும்பப் போட்டேன். சிரிப்பு ஒரு பக்கம், ஆற்றாமை ஒரு பக்கம். கீழேயிருந்து பால் விடாத சுலைமானி டீ வரவழைத்துக் கொடுத்தேன். அவர் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது, மின்னல் கிளப்பின் பெட்டியைத் தட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லோரையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். பெயரை வைத்து இல்லை, சும்மா நடமாட்டத்தைப் பார்க்கத்தான்.

குப்பை அனுப்புகிறவன் எப்படி என்றால், தட்டுவான், இல்லை என்றால் போய்க்கொண்டே இருப்பான். நான் சொன்னதை நின்று கேட்கமாட்டான். அவனுக்கு இன்னும் லட்சம் கதவு இருக்கிறது. ஒரே ஒரு ஆள் மட்டும் அப்படி இல்லை. 'காட்ஸ் டைம் கம்யூனிகேஷன்' என்று ஒரு கடையின் விலாசம். மூன்று வாரம் முன்னால் தட்டியது, திருப்பி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து 'டிரினிட்டி பிசினஸ் சென்டர்', அதே ஊர். அதையும் திருப்பி அனுப்பினேன். போன வெள்ளிக்கிழமை 'பிளெஸ்ட் ஹேண்ட்ஸ்'. எல்லாம் குமாசியின் தெருவோர நெட் கடைகள். எல்லாமே பட்டியலில் இருக்கிற வாசல்கள். எல்லாம் ஒரே விலாசத்துக்கு, ஹம்சக்காவுக்கு.

யாரோ ஒருவன் நான் எழுதிய வரியைப் படித்திருக்கிறான். வேறு வாசல் பார் என்று நான் சொன்னதைக் கேட்டு, கடை கடையாக நடந்திருக்கிறான்!

"இக்கா, உங்க ஆளு வேற கிளப்புக்குப் போகல. மூணு வாரமா என் வாசல்லதான் நிக்கிறான்."

ஹம்சக்கா டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

"அப்ப நேத்து ஏன் வரலை? நேத்து பூரா கதவு திறந்துதானே கிடந்துச்சு?"

"நேத்து ஞாயித்துக்கிழமை. கடைப் பேரைப் பாருங்க, எல்லாம் கர்த்தர் பேரு. எல்லாக் கடைக்காரனும் சர்ச்சுல இருந்திருப்பான்."

அந்த மூன்று வாசல்களிலிருந்து ஹம்சக்காவின் பெட்டிக்கு மட்டும் வர அனுமதி கொடுத்தேன். பிறகு மூன்று கடைகளுக்கும் ஒரு வரி எழுதினேன்: "கோஜோ என்பவர் வந்தால் சொல்லுங்கள், கதவு திறந்திருக்கிறது, மறுபடி தட்டச் சொல்லுங்கள். சௌமினி, மஞ்சேரி."

பவித்ரன் சார் அப்போதுதான் உள்ளே வந்தார். "மத்தியானம் மாத்தணும்னு சொன்னேனே?"

"ஒரு மனுசனைக் காட்டுன்னு கேட்டீங்கல்ல சார்? வாங்க, காட்டுறேன்."

திரையைக் காட்டினேன். மனுசர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "நீங்க சொன்ன மாதிரி சத்தமில்லாம வாங்கிக் குப்பையில போட்டிருந்தா, முதல் நாளே மெயில் போய்ச் சேந்துடுச்சுன்னு இவன் வீட்டுல உக்காந்திருப்பான். இக்கா ஏன் பதில் போடலைன்னு அவன் அங்க நொந்துக்குவான். அவன் ஏன் எழுதலைன்னு இவர் இங்க நொந்துக்குவார். நடுவுல நாம நல்லா சாப்பிட்டுத் தூங்கியிருப்போம்."

"இது அவன்தான்னு என்ன நிச்சயம்?" என்றார் அவர். சத்தியமாக எனக்கும் நிச்சயம் இல்லை. ஜெனரலின் விதவையாகக்கூட இருக்கலாம்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார்."

பொறுத்தார். ஹம்சக்கா வீட்டுக்கே போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வாயில் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, பிற்பகல் அசர் தொழுகைக்கு மட்டும் பள்ளிக்குப் போய்விட்டு ஓடி வந்தார். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மெயில் விழுந்தது. காட்ஸ் டைம் கம்யூனிகேஷனிலிருந்து. கூடவே ஒரு படம். அந்தக் காலத்து இணைப்பில் அது மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கியது. முதலில் தலைமுடி, பிறகு நெற்றி, பிறகு கண்.

"என் கோஜோ!" ஹம்சக்கா என் நாற்காலியோடு சேர்த்து என்னை உலுக்கிவிட்டார். பாஸ்போர்ட்டுக்காகச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்து, மனுசர் இடுப்பு முண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு படியிறங்கி, கேட்கிறவன் கேட்காதவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே டீக்கடை வரைக்கும் நடந்து போனார். அவர் குரல் தெருமுனை வரை எங்களுக்குக் கேட்டது.

பவித்ரன் சார் கீழே போய் ஒரு பொட்டலம் பழம்பொரி வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். மாற்றச் சொன்ன பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. எனக்கு அது போதும்.

சீசன் தொடங்குவதற்கு முன்னாடி ஒரு நாள், மாடிப்படி கடகடவென்று ஆடியது. ஹம்சக்கா முன்னால், பின்னால் வாசல் நிலையில் குனிந்து நுழைகிற உயரத்தில் கோஜோ. போன வருடம் கற்ற மலையாளத்தை மறக்காமல் வைத்திருந்தான்.

"நீயா சௌமினி? நீ ரொம்பச் சின்னதா இருக்கே! நான் பெரிய ஆளுன்னு நினைச்சேன்."

"நான் திட்டினா பெருசாத் தெரியும்."

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு பையிலிருந்து மடித்த மூன்று தாள்களை எடுத்து மேசையில் விரித்தான். நான் திருப்பி அனுப்பிய வரி மூன்று முறை, அச்செடுத்தது. ஓரத்தில் கடைக்காரன் முத்திரை.

"இதை எதுக்குப்பா வச்சிருக்கே?"

"சௌமினி, நான் நிறைய எடத்துக்கு எழுதினவன். கிளப்பு, ஏஜென்ட்டு, தூதரகம். எல்லாரும் பேப்பரை வாங்கிக்குவாங்க. அப்புறம் பேச்சே இருக்காது. நான் காத்துக்கிட்டே இருப்பேன். நல்லா ஆடலையா, எழுதினது தப்பா, என் ஊரு பிடிக்கலையா, ஒண்ணும் தெரியாது. நீ ஒருத்திதான் முகத்துக்கு நேரா சொன்னே. இந்த வாசல் சரியில்லை, உன் மேல கோபமில்லை, வேற வாசல் பாருன்னு. அதனாலதான் நடந்தேன்."

என் வாய்க்கு ஒருவன் நன்றி சொல்கிறான். மஞ்சேரியில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"வீட்டுல அம்மா கேட்டாங்க, யாருடா இந்தப் பொம்பளை, உனக்குத் திரும்பத் திரும்ப எழுதுறாளேன்னு. எனக்கு இல்லைன்னு பதில் சொல்றவ, அம்மான்னேன். என்ன சொல்றாள்னு கேட்டாங்க. படிச்சுக் காட்டினேன். நல்ல வீட்டுப் பொண்ணுன்னாங்க."

அவன் பைக்குள் மறுபடி கையை விட்டு ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். பிரித்தேன். மஞ்சளும் நீலமுமாகப் பெரிய பெரிய பூப்போட்ட துணி, இரண்டு ரவிக்கைக்கு வரும். ஹம்சக்கா தொட்டுப் பார்த்து, "நல்ல கட்டித் துணி மோளே" என்றார்.

எத்தனையோ பேருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அதற்காக ஒருத்தர் எனக்குத் துணி எடுத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. தைக்கக் கொடுத்து, ஃபைனல் அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் மூங்கில் காலரியில் ஏறி உட்கார்ந்தேன்.