ரெட்டை இடியின் மூன்றாவது சிடி

கடலாடியிலிருந்து மண்டபம் வரைக்கும் திருவிழாக்களில் ஆடும் எந்தக் குழுவைக் கேட்டாலும் ‘ரெட்டை இடி’ இசைக்குழுவைத் தெரியும் என்பார்கள். அந்தக் குழுவில் பாடகர் கிடையாது. ஒரு கீபோர்டு, ஒரு கம்ப்யூட்டர், குச்சியால் அடிக்கிற மின்சார ரிதம் பேடு ஒன்று, அவ்வளவுதான். ஆட்டத்துக்கென்றே இசை போட்டு சிடியாக விற்றார்கள். முதல் சிடிக்கு ‘இடி ஒண்ணு’ என்று பெயர். அடுத்தது ‘இடி ரெண்டு’. இரண்டும் நன்றாக விற்றன.

பேடு வாசித்தவன் வீரபத்திரன். கடலாடிப் பக்கம் மிளகாய் போடுகிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. ‘மாவட்டத்திலேயே வேகமான கை’ என்று மேடையில் மைக் பிடித்தவர்கள் அவனை அறிமுகப்படுத்துவார்கள். அவனும் அதை நம்பினான். நம்புவதில் தப்பும் இல்லை. அவன் இரண்டு கையாலும் உருட்ட ஆரம்பித்தால் குச்சிகள் கண்ணுக்குத் தெரியாது.

கீபோர்டும் கம்ப்யூட்டரும் சேதுலட்சுமியின் பொறுப்பு. இராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். வகுப்பு இல்லாத நேரங்களில் இசை போடும் மென்பொருளைத் தானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள். மூன்றாவது ஆள் கீழக்கரை வாவு முகம்மது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு சிடி கடை. கடை மாடியில் சுவரெல்லாம் சணல் சாக்கு அடித்த ஓர் அறையில்தான் ஒலிப்பதிவு நடக்கும்.

2007 பங்குனியில் மூன்றாவது சிடி வேலையை ஆரம்பித்தபோது, சேதுலட்சுமி மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

“வீரண்ணே, நம்ம ரெண்டாவது சிடி என்ன தெரியுமா? முதல் சிடியைக் கொஞ்சம் ஸ்பீடா ஓட்டுனது.”

“சனங்க அதைத்தானத்தா கேக்குறாங்க.”

“கேக்குறாங்க. இன்னும் ஸ்பீடு ஏத்துனா தகரக் கொட்டகையில மழை பேஞ்ச மாதிரி இருக்கும். மழைக்கு யாரு ஆடுவா?”

வீரபத்திரன் சிரித்தான். “நீ மெட்டைப் போடு. ஆடுறாங்களா இல்லையான்னு நான் பாத்துக்கிறேன்.” சிடிக்கு ‘இடி மூணு’ என்று பெயரும் அவனே வைத்தாகிவிட்டது.

அடுத்த வாரம் இராமேஸ்வரத்தில் ஒரு நிகழ்ச்சி முடிந்து திரும்பும்போது, உச்சிப்புளிக்கு முன்னால் காற்று கொண்டுவந்து ரோட்டில் கொட்டிய மணலில் அவனுடைய பைக் சறுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

வாவு முகம்மது அவனைப் பார்க்க வந்து பேச்சைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். “வீரா, சிடியைத் தள்ளிப் போட்ருவோம். அல்லா நாட்டத்துல கை நல்லபடியாக் கூடட்டும்.”

தள்ளிப் போட வழியில்லை. செவ்வந்தி என்பவளின் ஆட்டக்குழு வைகாசித் திருவிழாவில் புதிய சிடிக்குத்தான் ஆடப்போவதாகக் கடலாடிப் பக்கம் ஓர் ஊரில் பேசி முடித்திருந்தது. அந்த ஊர் விழாத் தலைவர் பொன்னுச்சாமி நோட்டீஸே அடித்துவிட்டார். அதில் வீரபத்திரன் பெயருக்கு முன்னால் ‘வேகப்புயல்’ என்று போட்டிருந்தது.

“இடது கை சும்மாத்தான இருக்கு, அதுல வாசிங்க,” என்றாள் சேதுலட்சுமி.

அவன் எரிச்சலோடு வந்து உட்கார்ந்தான். வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, இடது கையால் மட்டும் வாசித்தான். பாதி அடி விழுந்தது, பாதி விழவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் “இது அடையாளத்துக்குத்தான். கட்டுப் பிரிச்சதும் ஒழுங்கா வாசிச்சுத் தந்துர்றேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சேதுலட்சுமி அடுத்த பாட்டை ஓடவிட்டாள்.

விடுபட்ட அடிகளைக் கம்ப்யூட்டரிலேயே நிரப்பியிருக்கலாம். முதல் நாள் அதற்குத்தான் அவள் உட்கார்ந்தாள். நிரப்புவதற்கு முன்னால் ஒரு தரம் ஓடவிட்டுக் கேட்டாள். அடி விழாத இடங்களில் கீபோர்டின் அடித்தொனி, அந்தக் கனத்த ‘பேஸ்’ சத்தம், தெளிவாக, வயிற்றில் போய்த் தொடுகிற மாதிரி கேட்டது. இத்தனை நாளாக அது சத்தத்துக்கு அடியில் புதைந்து கிடந்திருக்கிறது. அவள் நிரப்பவில்லை. போட்டிருந்ததிலும் கொஞ்சத்தை எடுத்தாள். வேகத்தைக் குறைத்தாள். ‘ஏய்... போடு’ என்ற கூச்சல்களை அழித்தாள். வாவு முகம்மது ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, “சேதும்மா, வீரா இதுக்கு ஒத்துக்கமாட்டான். ஆனா நல்லாருக்கு” என்றார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே வீரபத்திரன் புதுக் குச்சிகளோடு வந்தான். சேதுலட்சுமி முழு சிடியையும் போட்டுக் காட்டினாள். அவன் நின்றபடியே கேட்டான்.

“இதுல நான் எங்கன இருக்கேன்?”

“எல்லாத்துலயும் இருக்கீங்க.”

“நொண்டிக் கையால வாசிச்சத வச்சு ஊரெல்லாம் விக்கப் போறியா? வீரபத்திரனுக்குக் கை போயிருச்சுன்னு பேசுவாங்க.”

“அண்ணே, நீங்க இதுவரைக்கும் வாசிச்சதுலயே இதுதான் நல்லாருக்கு. உங்க மனசு கோணக்கூடாதுன்னு மாத்திச் சொல்ல என்னால முடியாது.”

அவன் அந்த இடத்திலேயே பேடைப் பூட்டி, அதே பாட்டுக்கு இரண்டு கையாலும் புயல் மாதிரி வாசித்துக் காட்டினான். கை நன்றாகவே கூடியிருந்தது. வாசித்து முடித்து இரண்டு பேரையும் பார்த்தான். அருமை என்றார் வாவு முகம்மது. ஆனால் பதிவு செய்யும் பொத்தானை அவர் அமுக்கியிருக்கவில்லை.

“அப்ப சிடியில என் பேரை எடுத்துருங்க,” என்று சொல்லிவிட்டு வீரபத்திரன் ஊருக்குப் போனான். சேதுலட்சுமி பெயரை எடுக்கவில்லை. ‘இடி மூணு’ என்பதை மட்டும் அடித்துவிட்டு காலெடுத்து வை என்ற அர்த்தத்தில் ‘எட்டு வை’ என்று எழுதினாள்.

அவனை அழைக்கச் செவ்வந்திதான் போனாள். அறுவடை நாட்களில் மிளகாய்க் காட்டு வேலை, திருவிழா மாதங்களில் மேடை என்று இருப்பவள். அவளுடைய குழுவில் எட்டுப் பெண்கள். களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. கிளறிவிட்டுக்கொண்டிருந்த வீரபத்திரன் நிமிரவில்லை.

“மேடையில சிடியை மட்டும் ஓடவிட்டா பொன்னுச்சாமி மாமா விடமாட்டாருண்ணே. நோட்டீசுல உங்க பேரு இருக்கு. நீங்க வந்து வாசிக்கணும்.”

“வாரேன். ஆனா நான் வாசிக்கிறபடிதான் வாசிப்பேன்.”

“அதை ஒத்திகையில வந்து வாசிங்க, பாப்போம்.”

ஒத்திகை இராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், காலையில். வீரபத்திரன் சொன்னபடியே புதிய பாட்டின் மேல் பழைய வேகத்தில் உருட்டினான். பெண்கள் குதித்தார்கள், கையை வீசினார்கள். நடுவில் செவ்வந்தி நின்றுவிட்டாள்.

“அண்ணே, இப்ப என் கால் தரையில எப்ப விழுந்துச்சு?”

“எனக்கென்ன தெரியும்? நான் பேடைத்தான பாப்பேன்.”

“ஒரு தரம் வாசிக்காம என் காலைப் பாருங்க.”

சேதுலட்சுமி சிடியை ஓடவிட்டாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். இத்தனை வருஷத்தில் தன் இசைக்கு யாராவது ஆடுவதை அவன் முழுசாகப் பார்த்ததே இல்லை. பேடைப் பார்த்துக் குனிந்த தலை, பாட்டு முடிந்த பிறகுதான் நிமிரும். இப்போது பார்த்தான். அடி விழாத அந்தச் சின்ன இடத்தில் செவ்வந்தியின் தோள் மெதுவாகத் திரும்பியது. இடுப்பு அதற்குப் பின்னால் வந்தது. கால் உயர்ந்து ஒரு கணம் அந்தரத்தில் நின்று, அடுத்த அடியின் மேல் சரியாக வந்து இறங்கியது. பழைய பாட்டுகளில் இவர்கள் ஆடவில்லை, துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. “நாளைக்கு மேடைக்கு வாரேன்” என்று மட்டும் சொல்லிக் கிளம்பினான்.

பக்கத்து ஊர் நிகழ்ச்சி ஒன்றில் அடிதடி நடந்திருந்ததால் அந்த வருஷம் இருட்டிய பிறகு ஆடல் பாடல் நடத்த அனுமதி கிடைக்கவில்லை. பொன்னுச்சாமி மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நிகழ்ச்சியை வைத்துவிட்டார். கலர் லைட் இல்லை, புகை இல்லை. பளிச்சென்ற வெயிலில் மேடையும் ஆட்களும் உள்ளது உள்ளபடி தெரிந்தார்கள். வழக்கமாக வராத பெண்கள்கூடப் பகல்தானே என்று வந்து வேப்பமர நிழலில் கூடி நின்றார்கள்.

“ஏலே வீரா, முதல்ல பழசைப் போடு. பயலுக அதுக்குத்தான் காத்துக் கெடக்காங்க,” என்றார் பொன்னுச்சாமி.

‘இடி ரெண்டு’ வாசித்தார்கள். இளவட்டங்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு மேடைக்கு முன்னால் பாய்ந்தார்கள். வீரபத்திரனின் கை பறந்தது, விசில் பறந்தது. ஆனால் வெயில் தலையில் இறங்கியது. இரண்டாம் பாட்டு முடிவதற்குள் பாதிப்பேர் தண்ணீர்ப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். மரத்தடிப் பெண்கள் ஒருவர்கூட அசையவில்லை.

அப்புறம் புதியது. சேதுலட்சுமி கம்ப்யூட்டரைத் தானாக ஓடவிடாமல், ஒவ்வொரு துண்டையும் கீபோர்டில் விரல் வைத்து எழுப்பினாள். அடித்தொனி ரேடியோ செட் ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து தரை வழியாகப் பரவியது.

“என்னய்யா, கரண்டு குறைஞ்சு போச்சா?” என்று ஒருவன் கத்தினான். “ஸ்பீடு ஏத்துங்கப்பா!” என்றான் இன்னொருவன்.

வீரபத்திரன் ஓர் உருட்டு உருட்டினால் போதும், கூட்டம் அவன் பக்கம் வந்துவிடும். சேதுலட்சுமி அவனைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்தபடி இருந்தாள். அவன் நிமிர்ந்து செவ்வந்தியின் காலைப் பார்த்தான். பார்த்தபடியே வாசித்தான். உருட்டவில்லை.

மூன்றாவது பாட்டில் ஒரு திருப்பம் வரும். அந்த இடத்தில் சிடியில் ஒரே ஓர் அடிதான் காலியாக இருக்கும். செவ்வந்தியும் பெண்களும் காலைத் தூக்கியபோது வீரபத்திரன் இரண்டு குச்சிகளையும் மேலே தூக்கிப் பிடித்தான். அடுத்த அடியை அடிக்கவில்லை. சேதுலட்சுமி திடுக்கிட்டுப் பார்த்தாள். நீயும் நிறுத்து என்பதுபோல் அவன் தலையை ஆட்டினான். அவள் புரிந்துகொண்டு கீபோர்டிலிருந்து விரலை எடுத்தாள்.

மேடை முழுக்க நிசப்தம். அந்த நிசப்தத்தில் எட்டுப் பெண்களின் கால்களும் பலகையில் இறங்கின. அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது. மரத்தடியில் நின்ற பெண்களும் தண்ணீர்ப் பந்தலிலிருந்து திரும்பிய பையன்களும் தங்களை அறியாமல் அதே அடியைத் தரையில் வைத்திருந்தார்கள். தம் என்று ஊரே மிதித்த மாதிரி இருந்தது. மறுபடி ஒரு தரம் தம். மூன்றாவது மிதிக்கு வீரபத்திரன் முழு பலத்தோடு இறங்கினான். சேதுலட்சுமியும் கூடவே இறங்கினாள்.

அதற்கப்புறம் வேகம் கேட்டு யாரும் கத்தவில்லை. புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒருத்தி முதலில் நிழலை விட்டு வந்தாள். அவள் பின்னால் ஒரு கூட்டமே வந்தது. ஆட்டம் முடிந்ததும் பொன்னுச்சாமி மேடையேறி, “அந்த நிப்பாட்டி அடிக்கிற பாட்டு இருக்குல்ல, அதை இன்னொருக்கா போடுலே” என்றார்.

மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னாலேயே வீரபத்திரன் படியில் உட்கார்ந்திருந்தான். சேதுலட்சுமி வந்ததும் எழுந்தான்.

“மூணாவது பாட்டை மறுபடி எடுக்கணும்.”

“ஸ்பீடாவா?”

“இல்லத்தா. அந்தக் காலி இடம் இன்னும் கொஞ்சம் நீளமா வேணும். நீ வச்சது பத்தல.”

சேதுலட்சுமி சிரித்துவிட்டாள். “அதை நேத்து மேடையிலயே தெரிஞ்சுக்கிட்டேண்ணே. கம்ப்யூட்டர்ல அப்பவே திருத்தி வச்சுட்டேன், வாங்க.”

‘எட்டு வை’ அந்த மாதமே வெளியானது. எல்லோருக்கும் பிடித்ததாகச் சொல்ல முடியாது. ஒரு குழுக்காரர் வாங்கின சிடியைத் திருப்பிக் கொண்டுவந்து, “ரெட்டை இடின்னு போட்டு ஒத்தை இடியைக் குடுத்துட்டீங்களே பாய்” என்று சண்டை போட்டார். வாவு முகம்மது மறுபேச்சுப் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் மண்டபம் ஊர்க் கல்யாண வீடுகளில் அதைத்தான் கேட்டார்கள். பெண்கள் சேர்ந்து ஆட இதுதான் தோது என்றார்கள். செவ்வந்தியின் குழுவைப் பரமக்குடி தாண்டியும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மழைக்காலத்தில் திருவிழாக்கள் ஓய்ந்து கிடந்தபோது நாலாவது சிடி பேச்சு வந்தது. வாவு முகம்மது பழையபடி கொஞ்சம் வேகமும் சேர்க்கலாம் என்றார். சேதுலட்சுமி யோசித்துவிட்டு, “ஒரு பாட்டுக்கு மட்டும் இடம் மாறி உட்காருவோமா?” என்றாள்.

“எப்படி?” என்றான் வீரபத்திரன்.

“நான் பேடு வாசிக்கிறேன். நீங்க கீபோர்டுல உட்காருங்க.”

“எனக்கு அதுல ஒண்ணுந் தெரியாதே.”

“எனக்கும் பேடு தெரியாது. புதுசா ஏதாவது வரும்ல.”

வீரபத்திரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கறுப்பும் வெள்ளையுமாகக் கிடந்த கட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஒரு விரலால் இடது ஓரத்துக் கட்டையை அமுக்கி, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். அறைச் சாக்குகள் அதிர்ந்தன. அவன் முகம் மலர்ந்தது.

“ம், நீ அடி ஆத்தா,” என்றான்.